முன் பிரேக் விடாமல் பிடிக்கிறதா? பழைய மோட்டாரில் கோளாறைத் தேடிச் சரிசெய்யும் முழு வழி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வீடுகளில் இன்றைக்கும் ஓடுவது பழைய மோட்டார்தான். அப்பா வாங்கிய யமஹா ஆர்எக்ஸ்இசட், அண்ணன் வேலைக்குச் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன 125இசட், டிஸ்க் வைத்த மொடெனாஸ் கிரிஸ். விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் இறங்கும், பகலில் உர மூட்டை சுமக்கும், சாயங்கால மழையில் நனைந்தபடி வீடு திரும்பும். இஞ்சினைப் பல தடவை பிரித்துப் பூட்டியிருப்பார்கள். முன் பிரேக்கை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிடிக்கிறவரை அது நல்ல பிரேக் என்றுதான் நினைப்பு.

பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே கடைக்கு ஓடுகிறோம். பிடித்த பிரேக் விடவில்லை என்றால் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறோம். இரண்டுமே ஆபத்துதான். டிஸ்க்கில் லேசாக உரசிக்கொண்டிருந்த பிரேக் பேட், சூடேறச் சூடேற இறுகி, ஓடும்போதே முன் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஈரச் சாலையில் முன் சக்கரம் பூட்டினால் கீழே விழாமல் தப்புவது கடினம்.

அறிகுறிகளைக் கவனியுங்கள். மோட்டாரைத் தள்ளும்போது முன்பக்கம் கனக்கும். திராட்டல் கொடுத்தாலும் வேகம் ஏறாது. பெட்ரோல் மட்டும் தீரும். நிறுத்தி இறங்கினால் கருகிய வாடை வரும். லிவரைப் பிடித்தால் முன்பு இருந்த சிறு தளர்ச்சி இல்லாமல் கல்லாக இறுகியிருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்க வேண்டாம்.

பிரேக் எப்படி விடுகிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லிவரை அழுத்தினால், பிடிகம்பில் லிவரோடு இருக்கும் பம்பின் எண்ணெய் ஹோஸ் வழியாக, கீழே டிஸ்க்கைக் கவ்வி நிற்கும் கேலிப்பருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். இது எல்லாருக்கும் தெரியும். லிவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? கேலிப்பருக்குள் ஸ்பிரிங் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சதுர முனை ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது சீல் அதைப் பிடித்தபடியே லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கூடவே பிஸ்டனையும் பின்னால் இழுத்துவிடும். அந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான்.

இவ்வளவு சின்ன அசைவு என்பதால்தான் கொஞ்சம் துருவும் கொஞ்சம் அழுக்கும் போதும், பிரேக் விடாமல் நின்றுவிடும்.

எண்ணெய் திரும்புவதற்கும் வழி வேண்டும். பம்பின் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து அடியில் பார்த்தால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மற்றது ஊசி முனை அளவு. சில மாடல்களில் ஒரு சிறு தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். லிவர் முழுவதுமாகத் திரும்பி நிற்கும்போது, சூட்டில் விரிந்த எண்ணெய் இந்தச் சின்னத் துளை வழியாகத்தான் கிண்ணத்துக்கு ஏறும். அது அடைபட்டால் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. சூட்டில் எண்ணெய் விரியும், பேட் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் சூடேறும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நன்றாக இருந்த பிரேக், ஈப்போ போய்ச் சேர்வதற்குள் பூட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிரிக்கும் முன் சோதனை

எதையும் மாற்றாதீர்கள். பேட், சீல், பம்ப் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்ப்பது காசுக்குக் கேடு. எண்ணெய் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நான்கே சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டாரை டபுள் ஸ்டேண்டில் போட்டு, பின்பக்கம் யாரையாவது உட்காரச் சொல்லி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். கையால் சுழற்றுங்கள். டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் சத்தம் எப்போதும் இருக்கும். அது கோளாறு இல்லை. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் சர்ரென்று பிடித்து மறுபடி விட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. சுற்று முழுவதும் ஒரே சீராகப் பிடித்தால் கோளாறு கேலிப்பரிலோ பம்பிலோ ஹோஸிலோ இருக்கிறது. இனி வரும் சோதனைகள் அதற்குத்தான்.

முதலில் லிவர். நுனியில் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை தளர்ச்சி இருக்க வேண்டும். இல்லையென்றால் லிவர் முழுவதுமாகத் திரும்பவில்லை, அல்லது பம்பின் பிஸ்டனை ஓய்விலும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வெளிக்கடையில் வாங்கிய அலங்கார லிவர் மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். பிஸ்டனைத் தொடும் முனை ஒரு நூலளவு நீளமாக இருந்தாலும் சின்னத் துளை மூடியே இருக்கும். லிவரின் திருகாணியைக் கழற்றி லிவரை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். சக்கரம் விட்டுவிட்டால் வேலை முடிந்தது: லிவரைத் துடைத்து, திருகாணிக்குக் கிரீஸ் தடவி, அல்லது அசல் லிவரை வாங்கி மாட்டுங்கள்.

விடவில்லையா? பம்பில் ஹோஸ் சேரும் இடத்தில் இருக்கும் பேஞ்சோ போல்ட்டைச் சுற்றித் துணி கட்டி, கால் சுற்று தளர்த்துங்கள். எண்ணெய் கசிந்து சக்கரமும் விட்டுவிட்டால் குற்றவாளி பம்ப்.

அப்போதும் விடவில்லை என்றால் போல்ட்டை இறுக்கிவிட்டு, கீழே கேலிப்பரின் நிப்பிளை (எண்ணெயையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) தளர்த்துங்கள். எண்ணெய் பீச்சிச் சக்கரம் விட்டால் நடுவில் இருக்கும் ஹோஸ்தான் அடைப்பு. பழைய ரப்பர் ஹோஸின் உள்சுவர் உப்பியோ உரிந்தோ போயிருக்கும். லிவரின் பலத்தில் எண்ணெய் கீழே இறங்கிவிடும். திரும்பி ஏறுவதற்கு அந்த பலம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். அதனால்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெயின்மேல் பழியில்லை. கேலிப்பரில் பிஸ்டனோ, கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ, பேடோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஒன்று முக்கியம்: இந்தச் சோதனைகள் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் பதில் சொல்லும். சூடேறினால் மட்டும் பிடிக்கும் மோட்டாரை முதலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். பீச்சும் எண்ணெயும் சூடாக இருக்கும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஓரமாக நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள். ஆறியும் விடவில்லை, கையில் ஸ்பேனர் இருக்கிறது என்றால் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டு, இறுக்கமாக மூடி, பின் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக அருகிலிருக்கும் கடைவரை போங்கள். முன் லிவரை ஒரு தடவை பிடித்தாலும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

கையில் வேண்டியவை

8, 10, 12, 14 அளவு ஸ்பேனர், சாக்கெட் செட், சர்கிளிப் (பூட்டு வளையம்) கழற்றும் பிளையர், நிப்பிளில் இறுக்கமாகச் செருகும் தெளிவான பிளாஸ்டிக் குழாய், மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய ஊசிக்குழாய், பழைய டூத்பிரஷ், ஒரு கட்டு சாத்தே குச்சி, வாளியில் தண்ணீர். சிலிக்கான் கிரீஸோ பிரேக் ரப்பருக்கான சிவப்புக் கிரீஸோ கொஞ்சம். உங்கள் மாடலுக்கான கேலிப்பர் சீல் செட், புது செப்பு வாஷர்கள், திறக்காத ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிண்ணத்து மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று பொறித்திருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3-க்கு அது 205-ம் 140-ம். இந்த எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். நம் ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான் எண்ணெய், முற்றிலும் வேறு வகை. இதோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில்தான் அதைப் போலிருக்கும், வகையில் டாட் 4-ன் குடும்பம்.

பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்றுவிடும். டேங்கின்மேல் துணி போட்டு, ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல், டபிள்யூடி-40, இவை எதையும் பிரேக்கின் ரப்பருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் ஊதிப்போகும். கிண்ணத்து மூடிக்கு அடியிலிருக்கும் ரப்பர் அதன் இடத்தில் அடங்காமல் பெரிதாகத் தெரிந்தால், முன்பு யாரோ தவறான எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் சீல், பம்புக்குள் இருக்கும் கப், ஹோஸ் எல்லா ரப்பரையும் மாற்றியே ஆகவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கேலிப்பரைப் பிரித்தல்

முதலில் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். செம்மண்ணோடு பிரித்தால் அந்த மண்தான் உள்ளே போகும்.

கேலிப்பரை ஃபோர்க்கிலிருந்து கழற்றும் முன், பேட் பின்னின் போல்ட்டையும் பேஞ்சோ போல்ட்டையும் கால் சுற்று தளர்த்தி, பேஞ்சோவை மறுபடி இறுக்கிவிடுங்கள். கேலிப்பர் ஃபோர்க்கில் நிற்கும்போதுதான் இவற்றைத் தளர்த்த பலம் கிடைக்கும். கழற்றிய பிறகு கையில் பிடித்துக்கொண்டு போராட வேண்டிவரும். பிறகு கேலிப்பரைக் கழற்றிப் பேடுகளை வெளியே எடுங்கள். பேடின் பின்தகடு துருவேறி உப்பியிருக்கிறதா, அது நகரும் தடத்தில் துரு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மோட்டாரில் கோளாறு இவ்வளவோடு முடிந்துவிடும். பேடைப் பிடித்துவைக்கும் சின்னத் தகட்டு ஸ்பிரிங் இல்லாமல் ஓடும் மோட்டார்களும் உண்டு. யாரோ ஒருவர் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அதைத் தேடி வாங்கிப் போடுங்கள்.

பிஸ்டனை எடுக்க எளிய வழி, ஹோஸைக் கழற்றும் முன் லிவராலேயே தள்ளி வெளியே கொண்டுவருவது. கிண்ணத்தில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டு மெதுவாக லிவரை அழுத்துங்கள். கீழே துணியும் தட்டும் இருக்கட்டும். இரண்டு பிஸ்டன் இருந்தால் முந்திக்கொண்டு வருவதை ஒரு மரத்துண்டால் தடுத்து, பிந்துவதை வரவிடுங்கள். எது பிந்துகிறதோ அதுதான் மாட்டிக்கொண்ட பிஸ்டன், அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். டயர் கடையில் காற்று அடித்து எடுப்பதும் உண்டு. ஆனால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். காற்றைக் குறைவாக விட்டு, தடித்த துணியைச் சுற்றி, விரலைப் பிஸ்டனுக்கு எதிரில் வைக்காமல் செய்ய வேண்டும். பிளையரால் பிஸ்டனின் வெளிப்பக்கத்தைக் கடித்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தப் பல் பட்ட கீறல் வழியாக எண்ணெய் கசியும்.

பிஸ்டனை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். சீல் உட்காரும் பகுதியில் குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் புதுப் பிஸ்டன்தான். வெறும் பழுப்புக் கறை என்றால் மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போய்விடும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர். "அண்ணே, ரெண்டு தடவ சீல் மாத்தியாச்சுலா, இன்னும் பிடிக்குது" என்று ஒரு பையன் தன் அப்பாவின் ஆர்எக்ஸ்இசட்டைக் கொண்டுவந்தான். கடையில் போட்ட சீல் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு, சீல் உட்காரும் பள்ளத்தில் சாத்தே குச்சியின் கூர்முனையை வைத்துச் சுரண்டினால், சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. அலுமினியம் அரித்து வந்த தூள் அது. பள்ளத்தின் அடியில் அது கெட்டியாகப் படிந்து, புது சீலை உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. இறுகிய சீலுக்கு முறுக்கிக்கொள்ள இடமில்லை; அப்புறம் பிஸ்டனை எப்படி இழுக்கும்? சீல் மாற்றியவர் பள்ளத்தைச் சுரண்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு சீலையும் எடுங்கள். உள்ளே தடித்தது எண்ணெயைத் தடுக்கும் சீல், வெளியே மெல்லியது தூசி சீல். இரண்டு பள்ளத்தையும் சாத்தே குச்சியால் சுற்றிச் சுற்றிச் சுரண்டுங்கள். முனை மழுங்கினால் அடுத்த குச்சியை எடுங்கள். ஸ்குரூடிரைவரோ ஆணியோ வேண்டாம்; அலுமினியத்தில் கீறல் விழும். பிரேக் கிளீனர் அடித்து, டூத்பிரஷால் தேய்த்து, மறுபடி சுரண்டுங்கள். பள்ளத்தின் மூலை கூர்மையாகத் தெரியும்வரை விடாதீர்கள். முழு வேலையிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். பொறுமையாகச் செய்தால் அந்தக் கேலிப்பர் வருடக்கணக்கில் தொல்லை தராது. உரம் சுமக்கும் மோட்டாரில் இந்த வெள்ளைத் தூள் இன்னும் அதிகம். அமோனியம் சல்பேட் போன்ற உரத்தின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை வேகமாக அரிக்கும்.

சுத்தமான பள்ளத்தில், புது பிரேக் எண்ணெயில் நனைத்த புது சீலை முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். பிஸ்டனுக்கும் எண்ணெய் தடவி, நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். கை பலத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். போக மறுத்தால் சாய்ந்திருக்கிறது, அல்லது பள்ளத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது. சுத்தியலைத் தேடாதீர்கள், வெளியே எடுத்துத் திரும்பப் பாருங்கள்.

ஸ்லைடு பின்களை மறக்க வேண்டாம். பெரும்பாலான பழைய மோட்டாரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். எதிர்ப்பக்கப் பேடை டிஸ்கில் கொண்டுவந்து சேர்ப்பது, இந்தப் பின்களில் நகரும் கேலிப்பர். பின் காய்ந்து துருவேறினால் கேலிப்பர் திரும்பாது, ஒரு பக்கப் பேட் மட்டும் சீக்கிரம் தேயும். கழற்றிய பேடுகளில் ஒன்று தடிப்பாகவும் ஒன்று தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்தும் இருந்தால் பின்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். பின்னைத் துடைத்து, நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) துருவை எடுத்து, சிலிக்கான் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். சாதாரணக் கிரீஸ் வேண்டாம். ரப்பர் உறையை ஊதவைக்கும். கிழிந்த உறையை அப்போதே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் இதே வேலை.

பம்ப்

சோதனையில் பம்ப்தான் என்று தெரிந்தால் கிண்ணத்தைத் திறந்து, பழைய எண்ணெயை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுங்கள். அடியில் காப்பித்தூள் நிறத்தில் சேறும், சில சமயம் கற்கண்டுத் துகள் மாதிரிப் படிகமும் இருக்கும். துணியால் துடைத்துப் புது எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, லிவரை மெதுவாக, தொடக்கத்தில் மட்டும் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். சின்னத் துளை திறந்திருந்தால் அங்கிருந்து எண்ணெய் மெலிதாகக் கொப்பளிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண்ணில் தெறிக்கும்.

கொப்பளிக்கவில்லை என்றால் துளையைத் திறக்க வேண்டும். கித்தாரின் மிக மெல்லிய கம்பி இதற்குச் சரியாக இருக்கும். அதன் தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். நுனியை நேராக்கி மெதுவாகச் செலுத்தி எடுங்கள். டிரில் பிட் வேண்டவே வேண்டாம். துளை பெரிதானாலோ ஓரத்தில் பிசிர் எழுந்தாலோ உள்ளே இருக்கும் ரப்பர் கப்பைக் கிழித்துவிடும்.

துளையைத் திறந்தும் சில நாளில் மறுபடி அடைத்தால், பம்பை முழுவதுமாகப் பிரித்தே ஆகவேண்டும். லிவரை எடுத்து, ரப்பர் மூடியை எடுத்து, சர்கிளிப்பைக் கழற்றினால் பிஸ்டனும் கப்பும் ஸ்பிரிங்கும் வெளியே வரும். எந்தக் கப் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்சுவரை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால், நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் பம்பையே மாற்றுங்கள். வழுவழுப்பாக இருந்தால் புது கிட் போதும். விலை மலிவான போலிப் பம்ப்களைப் பற்றி என் கருத்து: தேய்மானமில்லாத பழைய அசல் பம்புக்கு கிட் மாற்றுவது, பெயர் தெரியாத புதுப் பம்பை விட நல்லது.

ஹோஸ், டிஸ்க், அச்சு

ஹோஸ் அடைத்திருந்தால் கழுவி ஊதிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மாற்றுங்கள். இரு முனையிலும் பேஞ்சோவுக்கு இரண்டு பக்கமும் புது வாஷர் வையுங்கள்.

டிஸ்க் வளைவைப் பார்க்க ஃபோர்க்கில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனையை டிஸ்க்குக்கு மிக அருகில் கொண்டுவந்து சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். வளைவு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டினால் டிஸ்க்கை மாற்றுவதுதான் சரி. தட்டி நிமிர்த்துவதை நான் ஏற்பதில்லை. குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள்.

டயர் மாற்றிய மறுநாளிலிருந்து பிரேக் உரசினால் கேலிப்பரைத் தொடாதீர்கள். அச்சு சரியாகப் பூட்டப்படவில்லை. இடைக்குழாய் இடம் மாறியிருக்கலாம், மீட்டர் கேபிள் சேரும் கியரின் காது ஃபோர்க்கின் தடுப்பில் உட்காராமல் இருக்கலாம். அச்சைத் தளர்த்தி, எல்லாவற்றையும் இடத்தில் வைத்து, சக்கரத்தைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்தி எழுப்பி, பிறகு அச்சை இறுக்குங்கள். ஃபோர்க் அடியில் அச்சைக் கவ்வும் போல்ட் இருந்தால் அதைக் கடைசியில் இறுக்க வேண்டும்.

பூட்டுதலும் காற்று எடுத்தலும்

பேடின் பின்தகடு நகரும் இடத்தில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு. உரசும் முகத்தில் கைரேகைகூடப் படக் கூடாது. கேலிப்பரை மாட்டிப் போல்ட்டுகளை இறுக்குங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் அளவுதான் சரியான அளவு. பேஞ்சோ போல்ட்டுக்குப் பல மாடல்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். நிப்பிளுக்கு 6-ஐச் சுற்றித்தான். நிப்பிளைப் பலம் கொண்டு இறுக்கினால் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

எல்லாம் காலியான பிரேக்கில் லிவரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் இறங்க வெகுநேரம் ஆகும். ஊசிக்குழாயில் புது எண்ணெய் நிரப்பி, காற்றில்லாமல் குழாயை நிப்பிளில் செருகி, நிப்பிளைத் திறந்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். காற்று எப்போதும் மேலே போகத்தானே பார்க்கும். கிண்ணத்தில் குமிழி வந்து முடியும்வரை தள்ளி, நிரம்பி வழியும் முன் நிறுத்தி, நிப்பிளை மூடுங்கள்.

பிறகு வழக்கமான முறை. குழாயின் மறுமுனையை எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். லிவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, லிவர் கீழே போகட்டும், நிப்பிளை மூடு, அதன் பிறகே லிவரை விடு. குழாயில் குமிழி நிற்கும்வரை இதே வரிசை. கிண்ணம் காலியாக விடாதீர்கள். காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லிவர் இன்னும் பஞ்சாக இருந்தால், பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் லிவரைப் பிடிகம்போடு கட்டி, கிண்ணத்து மூடியைப் போட்டு, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பெரும்பாலும் கெட்டியாகிவிடும்.

கிண்ணத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். முழுக்க நிரப்பினால் சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடமில்லை. துளை சுத்தமாக இருந்தும் பிரேக் பிடிக்கும். தேய்ந்த பேடோடு கிண்ணத்தை நிரப்பி வைத்து, பின்பு புது பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது இது அடிக்கடி நடக்கிறது.

ஓட்டிப் பார்த்தல்

கிளம்பும் முன் லிவரைப் பல தடவை அடித்துப் பேட் டிஸ்க்கைத் தொட வையுங்கள். முதல் அழுத்தத்தில் லிவர் பிடிகம்புவரை போய்விடும். இதை மறந்து ரோட்டில் ஏறக் கூடாது. லயத்துக்குள்ளேயே மெதுவாக உருட்டி, இரு பிரேக்கும் பிடித்துப் பாருங்கள். அப்புறம் வண்டி குறைவான நேர்ச்சாலையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர், கூடியவரை பின் பிரேக்கிலேயே ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியானால் இன்னும் உரசுகிறது. அப்படியே வழிந்தால் சரி. அடுத்து முன் பிரேக்கை நன்றாகப் பயன்படுத்திச் சூடேற்றி, உடனே டபுள் ஸ்டேண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். சூட்டிலும் விட்டால்தான் சின்னத் துளை வேலை செய்கிறது என்று நம்பலாம். புது பேட் என்றால் முதல் சில நாள் மிதமான வேகத்தில் படிப்படியாகப் பிடித்துப் பழக்குங்கள்.

முன்பக்கம் டிரம் என்றால்

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டாரில் எண்ணெயே இல்லை, கேபிள்தான். அங்கே தேட வேண்டிய இடம் குறைவு. லிவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கிறதா? இருந்தும் விடவில்லை என்றால் கேபிளைக் கீழே கழற்றி இழுத்துப் பாருங்கள். கரகரவென்று வந்தால் கேபிளை மாற்றுங்கள். கேபிள் வழுக்கினால், டிரம்முக்கு வெளியே இருக்கும் கையைத் திருப்பி விடுங்கள். அது தானாகத் திரும்பாவிட்டால் உள்ளே பிரேக் ஷூவை விரிக்கும் கேம் தண்டு காய்ந்திருக்கிறது. ஷூ இருக்கும் தட்டை எடுத்து, தண்டை உருவி, துருவை நீக்கி, சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சமாகத் தடவி மாட்டுங்கள். ஷூவில் கிரீஸ் படக் கூடாது. தொய்ந்த ஸ்பிரிங்கை இரண்டாகவே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியது

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பேஞ்சோ போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் தெரிகிறதா, கிண்ணத்தில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கிண்ணத்துக் கண்ணாடியில் தேன் நிறம் தாண்டிப் பழுப்பாகத் தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றலாம். உரம் ஏற்றிய நாளில் கேலிப்பரைச் சாதாரண தண்ணீர்க் குழாயால் கழுவுங்கள். கார் கழுவும் இடத்து அழுத்த நீரைக் கேலிப்பருக்கு நேராக அடித்தால் தண்ணீர் தூசி சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். எடுத்த பழைய எண்ணெயை லயத்துக் காணில் கொட்டாமல் பாட்டிலில் மூடி, கறுப்பு எண்ணெய் சேர்த்துவைக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். இஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிப் பாட்டிலாகக் கொடுத்தால் போர்மனுக்கும் வசதி.